ஆய்வுச் சுவரொட்டி: வடிவமும் வாசகரும்

1

ஆய்வு மாநாடுகளிலும் தொழில்சார் மாநாடுகளிலும் சுவரொட்டி அளிக்கை எனப்படும் முறை இன்று நிலைபெற்றுவிட்டது. மருத்துவம், விவசாயம், பொறியியல் முதலிய துறைகளைச் சார்ந்தோர் அதனைத் தமது தொழில் வாழ்வின் ஓர் அங்கமாகவே ஏற்றுக்கொண்டுள்ளனர். ஆயின், தமிழியலாய்வாளரிடையே அது உரிய மதிப்பினைப் பெற்றுள்ளதெனக் கூறவியலாது. கட்டுரை வாசிப்பதற்கு இடங்கிடையாதவருக்கு வழங்கப்படும் ஆறுதற் பரிசு என்பதே அதுபற்றி எம்மிடையே நிலவும் பொதுவான எண்ணமாகும். “சுவரொட்டிதானே” என்று சொல்லும் வழக்கம் எமது பல்கலைக்கழகங்களிலே உண்டு. அச்சொற்றொடரின் ஈற்றில் நிற்கும் ‘தானே’ ஒரு முழு மதிப்பீட்டு முறையையே தன்னுள் அடக்கி நிற்கிறது.

இம்மதிப்பீடு எங்கிருந்து வந்தது, அதனால் நாம் இழப்பது யாது என்பவற்றை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும். சுவரொட்டி தயாரிப்பதற்கான கைநூல்கள் ஆங்கிலத்திலே மலிந்துள்ளன. அவ்வரிசையில் மேலுமொன்றைச் சேர்ப்பது எமது கருத்தன்று. எனினும் நடைமுறை பற்றிப் பேசாத வடிவ விமர்சனம் வெறுங்கூற்றாகவே முடியுமாதலால், எழுத்தின் பருமன், படத்தின் விதி, அச்சகத்தின் சிக்கல் ஆகியன பற்றியும் இங்கு பேசவேண்டியுள்ளது.

எமது கருத்து சுருக்கமாக இதுதான்: சுவரொட்டி என்பது கட்டுரையின் குறுக்கமன்று, அது தனக்கென விதிகளைக் கொண்ட தனியொரு வடிவம். அவ்வடிவம் எம்மவர் கையில் தோல்வியுறுவதற்குக் காரணம் தொழினுட்ப அறிவின்மை மாத்திரமன்று. வாசகர் யார் என்ற வினாவை நாம் தவிர்த்து வந்தமையே அதன் முதன்மைக் காரணம். அவ்வினாவுக்கு முகங்கொடுக்கும்போது சுவரொட்டி மட்டுமன்றி ஆய்வும் செம்மையுறும்.

2

வடிவமொன்றினை விளங்கிக்கொள்வதற்கு அது தோன்றிய சூழலை நோக்குதல் வேண்டும். 1969இல் மட்ரிட் நகரிலே ஐரோப்பிய உயிரிரசாயனச் சங்கங்களின் கூட்டமைப்பு நடத்திய மாநாடு, சுவரொட்டி அமர்வு இடம்பெற்ற முதல் சர்வதேச மாநாடாகக் குறிப்பிடப்படுகிறது. 1974இல் மினியாபொலிஸில் நடைபெற்ற உயிரிரசாயனவியலாளர் மாநாட்டுடன் அது அமெரிக்காவிலும் பரவலாயிற்று. இரண்டாம் உலகப் போருக்குப் பின்னர் அரச நிதியும் தொழிற்றுறை நிதியும் விஞ்ஞானத்துள் பாய்ந்தமையால் ஆய்வாளர் தொகை பெருகிற்று. எல்லோரும் மேடையேறிக் கட்டுரை வாசிப்பதற்கு மாநாட்டின் நாள்கள் போதவில்லை. இவ்வாறு நோக்கின், ஆய்வுச் சுவரொட்டி அறிவுற்பத்தியின் பெருக்கம் தோற்றுவித்த ஒரு நெருக்கடிக்குக் கண்ட தீர்வாகும்.

ஆயினும், பேச்சுக்கு இடம்போதாமையால் வந்த இவ்வடிவம், மேடைக்கு இல்லாத ஒரு பண்பினைத் தன்னுடன் கொண்டுவந்தது. மேடையில் நிற்பவர் பேச, இருப்பவர் கேட்பர். சுவரொட்டியின் முன்னே இருவரும் நிற்பர். வாசகர் விரும்பின் நிற்கலாம், நகரலாம், இடைமறித்து வினவலாம். அதிகாரம் ஓரளவேனும் இடம்மாறுகிறது. மேடைப் பேச்சின் மரபில் ஊறிய எமக்கு இவ்விடமாற்றம் உவப்பானதாக இல்லாமை வியப்பன்று.

விஞ்ஞானிகளின் மாநாட்டுக்கு வெளியே இவ்வடிவத்துக்கு முன்னோடிகள் உண்டு. முற்போக்குச் சிந்தனையாளர் அவற்றை மறந்துவிடலாகாது. புரட்சிக்குப் பின்னான உள்நாட்டுப் போரின்போது, 1919 முதல் ரஷ்யத் தந்திச் செய்தி நிறுவனத்தின் சார்பிலே மாயாகோவ்ஸ்கியும் அவரது தோழர்களும் செய்திகளைப் படங்களாகவும் குறுந்தொடர்களாகவும் ஆக்கி, பண்டங்களின்றி வெறுமையாகக் கிடந்த கடைகளின் கண்ணாடிச் சாளரங்களிலே தொங்கவிட்டனர். எழுத்தறிவு பரவாத, தாளுக்குத் தட்டுப்பாடு நிலவிய ஒரு நாட்டிலே எடுக்கப்பட்ட முடிவு அது. அடுத்து, வியன்னா நகரசபை சோசலிசவாதிகளின் ஆட்சியில் இருந்த காலத்தில், 1925இல் ஒட்டோ நொய்ராத் அங்கு சமூக பொருளாதார நூதனசாலையை நிறுவினார். வீடமைப்பு, குழந்தை மரணம், தொழிலின்மை ஆகியன பற்றிய புள்ளிவிபரங்களை அவை யாரைப் பற்றியனவோ அத்தொழிலாளரே படித்தறிய வேண்டும் என்பது அவரது கொள்கை. கேர்ட் ஆர்ன்ட்ஸ் என்ற ஓவியர் உருவங்களை வரைய, மரீ ரைடமைஸ்டர் தரவுகளைப் படமாக மாற்றும் பணியினை ஆற்றினார். ஆய்வாளருக்கும் ஓவியருக்கும் இடையே நின்று, எத்தரவு சொல்லப்படவேண்டும், எது விடப்படவேண்டும் எனத் தீர்மானிக்கும் அப்பணியை அவர்கள் தனியொரு தொழிலாகவே கருதினர். 1934இல் வியன்னாவின் தொழிலாளர் இயக்கம் நசுக்கப்பட்டபோது அக்குழுவினர் ஹேக் நகருக்குப் பெயர்ந்தனர். ‘ஐசோடைப்’ என்ற பெயர் அதன் பின்னரே வழக்கிற்கு வந்தது.

சுவரொட்டி என்றவுடன் விளம்பரத்தையும் தேர்தலையும் மட்டும் நினைவுகூரும் நாம் இம்மரபினையும் மனங்கொள்ளுதல் வேண்டும்.

3

எமது தவறொன்றிலிருந்தே தொடங்குதல் நேர்மையாகும். சில ஆண்டுகளுக்கு முன்னர் கொழும்பிலே நடைபெற்ற மாநாடொன்றில், 1964க்குப் பின்னான மலையகப் புனைகதைகளிலே நாடுபிரிதல் சித்திரிக்கப்படும் முறைமை பற்றி நாம் சுவரொட்டியொன்றைக் காட்சிக்கு வைத்தோம். பன்னிரண்டு பக்கக் கட்டுரையை நான்கு பக்க அளவாகச் சுருக்கி, அதனை மூன்று நிரல்களாகப் பகுத்து, ஆங்கிலத்திலே பெயர்த்து, ஒரே தாளில் அச்சிட்டிருந்தோம். முன்னுரை, ஆய்வுப் பிரச்சினை, கருதுகோள், முறையியல், முடிவுரை யாவும் வரிசைபிறழாது இருந்தன. நடுவிலே ஒப்பந்தங்களையும் சட்டங்களையும் ஆண்டு வரிசையிற் காட்டும் அட்டவணையொன்று இருந்தது.

முதல் நாள் எவரும் நின்று படிக்கவில்லை. துறைசார்ந்த நண்பர் சிலர் தலையசைத்துவிட்டுத் தேநீருக்குச் சென்றனர். இரண்டாம் நாட் காலை, சரிந்திருந்த பலகையை நிமிர்த்த வந்த மண்டப ஊழியர் ஒருவர் எமது பெயரைப் பார்த்துத் தமிழிலே பேச்சுக்கொடுத்தார். பொருள் யாதென வினவினார், கூறினோம். தமது குடும்பம் ஹற்றன் பகுதியைச் சேர்ந்தது எனவும், பாட்டனார் இந்தியாவுக்குச் செல்லத் தந்தையார் இங்கேயே தங்கிவிட்டார் எனவும் சொன்னவர், அட்டவணையைச் சிறிது நேரம் நோக்கிவிட்டு, “இதுல எங்க தாத்தா எந்தப் பக்கம் சேர்?” என்று கேட்டார்.

எம்மாற் பதிலிறுக்க முடியவில்லை. பாட்டனாரைப் பற்றிய விபரம் எமக்குத் தெரியாமை ஒருபுறமிருக்க, எமது அட்டவணையிலே ‘பக்கம்’ என்று ஒன்று இருக்கவில்லை. அதிலே இருந்தவை ஒப்பந்தத்தின் பெயர், ஒப்பமிட்டோர் பெயர், ஆண்டு ஆகியனவே. மக்கள் ஒரு நிரலின் கீழ் எண்ணாக அடங்கியிருந்தனர். மலையக மக்களின் வாழ்வைப் பேசும் இலக்கியம் பற்றி, அம்மக்களுள் ஒருவர் படிக்கமுடியாத மொழியிலே, அவர் தம்மைக் கண்டுகொள்ளமுடியாத வடிவிலே, நாம் ஒரு ‘மக்கள் சார்பான’ ஆய்வினை முன்வைத்திருந்தோம். தாள் உயர்ந்ததாகவும் அச்சு நேர்த்தியாகவும் இருந்தமை இக்குறையை மறைக்கவில்லை.

இதனை எமது தனிப்பட்ட தவறாக மட்டும் கொள்ளுதல் பொருந்தாது. கொழும்பில் நாம் கண்ட தமிழ்சார் சுவரொட்டிகளுட் பலவும் இவ்வாறே அமைந்திருந்தன. மதிப்பீட்டாளர் ஒருவரை மனத்திருத்தியே அவை ஆக்கப்படுகின்றன. எதையேனும் விட்டுவிட்டால் குறை காண்பாரோ என்ற அச்சம் தாளை நிரப்புகிறது. அச்சத்தினால் நிரப்பப்பட்ட தாள் எவராலும் படிக்கப்படுவதில்லை.

4

அத்தரவினையே வேறுவிதமாகக் காட்சிப்படுத்தினால் விளைவதென்ன என்பதை இனி நோக்குவாம்.

1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டம் மலையகத் தமிழரிற் பெரும்பான்மையோரைக் குடியுரிமையற்றோராக்கியது. 1964 ஒக்ரோபர் 30ஆம் நாள் சிறிமாவோ பண்டாரநாயக்காவும் லால் பகதூர் சாஸ்திரியும் செய்துகொண்ட ஒப்பந்தம், 975,000 பேரின் எதிர்காலத்தை எடுத்துக்கொண்டது. 525,000 பேரை இந்தியா ஏற்பதென்றும், 300,000 பேருக்கு இலங்கை குடியுரிமை வழங்குவதென்றும், எஞ்சிய 150,000 பேர் பற்றிப் பின்னர் தீர்மானிப்பதென்றும் முடிவாயிற்று. 1974 ஜனவரியில் இந்திரா காந்தியுடன் செய்யப்பட்ட ஒப்பந்தம் அந்த எஞ்சியோரை 75,000 ஆகச் சரிபாதியாகப் பங்கிட்டது.

இதனைப் பந்தியாக எழுதலாம், அட்டவணையாக்கலாம், உருவங்களாகவும் காட்டலாம். 25,000 பேருக்கு ஒரு மனித உருவம் எனக் கொள்வோமாயின் மொத்தம் 39 உருவங்கள் வரும். அவற்றுள் 21 உருவங்கள் இந்தியாவை நோக்கியும் 12 உருவங்கள் இலங்கையினுள்ளும் நிற்க, 6 உருவங்கள் இரண்டுக்கும் நடுவே எங்கும் சேராது நிற்கும். பத்தாண்டுகளின் பின்னர் அந்த ஆறும் மூன்று மூன்றாகப் பிரியும். நிற்பவரின் கண் முதலிலே சென்று தரிக்கும் இடம் இந்நடுப்பகுதியேயாகும். அட்டவணையிலே ‘பின்னர் தீர்மானிக்கப்படும்’ என்ற தொடராக மட்டும் இருந்த ஒன்று, இங்கு மனிதர் நிற்கும் இடமாகின்றது.

இவ்விடத்து நொய்ராத்தின் அடிப்படை விதியொன்றை நினைவுகூரல் தகும். பெருந்தொகையைக் காட்டுவதற்கு உருவத்தைப் பெரிதாக்கலாகாது. ஒரே அளவான உருவங்களின் எண்ணிக்கையையே கூட்டுதல் வேண்டும். இது வெறும் அழகியல் விருப்பன்று. 525,000க்கும் 300,000க்கும் உள்ள விகிதம் 7:4 ஆகும். இவ்விகிதத்திலே இரு உருவங்களின் உயரத்தைக் கூட்டிக் குறைத்து வரைந்தால் அகலமும் உடன் மாறுமாதலால் அவற்றின் பரப்பளவு 49:16 என்றாகிவிடும். ஒன்றேமுக்கால் மடங்கான வேறுபாடு மும்மடங்கிற்கும் மேலானதாகக் கண்ணுக்குத் தோன்றும். அறியாது செய்யினும் அது பொய்யே. முப்பரிமாணத் தூண்களையும் நிழல் விழும் வட்டங்களையும் கணினி எளிதாக்கித் தந்துள்ள இக்காலத்தில் இவ்விதி முன்னரினும் முக்கியத்துவம் பெறுகிறது.

படம் ஆய்வாளருக்கு மற்றுமொரு கட்டுப்பாட்டினை விதிக்கின்றது. மேற்கூறியவை ஒப்புக்கொள்ளப்பட்ட தொகைகளேயன்றி நிறைவேற்றப்பட்ட தொகைகளல்ல. ஒப்பந்தத்தின்படி பதினைந்து ஆண்டுகளில் முடிந்திருக்கவேண்டிய பணி அவ்வாறு முடியவில்லை; நாடற்றோர் பிரச்சினைக்குச் சட்டமூலமான தீர்வு 2003ஆம் ஆண்டின் சட்டம்வரை நீண்டது. ஆகவே ‘ஒப்புக்கொண்டது’ என ஒரு வரிசையும் ‘நடந்தது’ என மற்றொரு வரிசையும் வேண்டும். பந்தியிலே ஒரு வினையெச்சத்தால் மூடிவிடக்கூடிய இவ்விடைவெளியைச் சுவரொட்டியிலே மூடவியலாது.

அதனினும் முக்கியமானதொன்று உண்டு. உருவங்களை இவ்வாறு பிரித்து வரைந்தபோதுதான் எமது இலக்கிய ஆய்வு கேட்கத் தவறியிருந்த வினா எமக்குப் புலப்பட்டது. மலையகப் புனைகதைகள் பேசுவது அந்த 21 உருவங்களைப் பற்றியா, 12 உருவங்களைப் பற்றியா, நடுவில் நின்ற 6 உருவங்களைப் பற்றியா? பிரிவினைப் பாடிய கதைகளைத் தொகுத்த நாம், தீர்மானமின்றிக் காத்திருத்தல் என்ற அனுபவம் இலக்கியத்திலே எவ்வாறு பதிவுபெற்றது அல்லது பதிவுபெறாது போயிற்று என்பதைத் தனியாக நோக்கவில்லை. பன்னிரண்டு பக்கக் கட்டுரையிலே எமது கண்ணுக்குத் தப்பிய இடைவெளி அது. வடிவம் உள்ளடக்கத்தைத் தாங்கும் பாத்திரம் மட்டுமன்று, உள்ளடக்கத்தின்மீது எதிர்வினையாற்றும் ஆற்றலும் அதற்குண்டு என்று வகுப்பறையிலே நாம் கற்பிக்கும் கூற்று, இங்கு எமது மேசையிலேயே மெய்ப்பட்டது.

5

இத்தருணத்தில் நியாயமான ஐயமொன்று எழக்கூடும். ஆய்வினை ஒரே பார்வையில் விளங்கவைக்க முயல்வது அதனை முழக்கமாக்கிவிடாதா? முரண்பாடுகளையும் இடையீடுகளையும் வற்புறுத்தும் மார்க்சிய ஆய்வுமுறைக்கு இவ்வடிவம் இயைபுடையதா?

இவ்வையம் புறக்கணிக்கத்தக்கதன்று. 2019இல் மைக் மொறிசன் என்ற அமெரிக்க உளவியல் ஆய்வு மாணவர் ஒரு மாற்று வடிவத்தினை முன்வைத்தார். ஆய்வின் முடிபினை எளிய வாக்கியமொன்றாகத் தாளின் நடுவே மிகப் பெரிதாக எழுதி, விபரங்களைப் பக்கத்தே ஒடுக்கி, முழுக் கட்டுரையைக் கைத்தொலைபேசியிலே பெறுவதற்கான கட்டக் குறியொன்றினை இணைப்பது அவரது முறை. நெரிசலான மண்டபத்திலே பத்து விநாடிக்குள் ஒருவருக்கு எதனையேனும் கற்பித்துவிடலாம் என்பது அதன் சிறப்பு. ஆயின் நெடுஞ்சாலை விளம்பரப் பலகையின் தருக்கம் அதனுள் இருப்பதையும் மறுப்பதற்கில்லை. விற்பனைக்குரிய பண்டத்தைப் போன்று முடிபு மாத்திரம் முன்னிற்க, அம்முடிபினை ஈட்டிய உழைப்பு, அதாவது சான்றும் முறையும், ஓரத்திற்குத் தள்ளப்படுகிறது. சான்றினின்றும் பிரிந்த முடிபினை நம்புமாறு கேட்பது ஆய்வின் பணியன்று.

எனவே முழக்கத்தையும் முடிபினையும் வேறுபடுத்தல் வேண்டும். ‘மலையக மக்கள் வஞ்சிக்கப்பட்டனர்’ என்பது முழக்கம். அது உண்மையே, எனினும் அதனை மறுக்கவோ ஆராயவோ வாசகருக்கு அது இடந்தருவதில்லை. ‘1964இல் இரு அரசுகளும் 975,000 பேரைப் பங்கிட்டன; 150,000 பேருக்குப் பத்தாண்டுகளாக எந்த நாடும் தீர்மானிக்கப்படவில்லை’ என்பது முடிபு. அதிலே எண் இருக்கிறது, காலம் இருக்கிறது, செய்தவர் இருக்கின்றனர், சரிபார்க்கலாம், வினவலாம். தலைப்பு இத்தகைய முழு வாக்கியமாக அமைதல் நன்று. ‘மலையகப் புனைகதைகள்: ஓர் ஆய்வு’ என எமது ஆய்வேடுகளுக்கு இடப்படும் தலைப்புகள் எதனைப் பற்றி என்று சொல்லுமேயன்றி, என்ன என்று சொல்வதில்லை. ‘ஓர் ஆய்வு’ என முடியும் தலைப்பு, முடிபு சொல்லும் பொறுப்பினைத் தட்டிக்கழிப்பதற்கு எமது மரபு கண்டுபிடித்த நாகரிகமான வழியாகும்.

முரண்பாட்டினைச் சுவரொட்டியிற் காட்டவியலாது என்ற கூற்றும் ஏற்புடையதன்று. எழுத்திலே ஒன்றன்பின் ஒன்றாகவே சொல்லவேண்டியதைச் சுவரொட்டி அருகருகே வைத்துக் காட்டவல்லது. ஒப்புக்கொண்டதும் நடந்ததும், சட்டத்தின் மொழியும் கதைமாந்தரின் மொழியும் அருகருகே நிற்கும்போது முரண்பாடு பொருளாக மட்டுமன்றித் தாளின் அமைப்பாகவே ஆகிவிடுகிறது.

6

இனி, தமிழிலே சுவரொட்டி ஆக்குவோர் எதிர்நோக்கும் சில நடைமுறைப் பிரச்சினைகள். ஆங்கிலக் கைநூல்களின் அறிவுரைகளை அவ்வாறே பின்பற்றுதல் தமிழுக்குப் பொருந்தாது.

மாநாடுகளிலே பெரிதும் கேட்கப்படும் அளவு ஏ0 ஆகும். அதாவது 841 மில்லிமீற்றர் அகலமும் 1189 மில்லிமீற்றர் உயரமும். பலகை நெடுக்கா குறுக்கா என்பதை ஏற்பாட்டாளரிடம் முன்னரே கேட்டறிதல் வேண்டும். தலைப்பு நான்கைந்து மீற்றர் தூரத்திலிருந்தும் உள்ளெழுத்து ஒன்றரை மீற்றர் தூரத்திலிருந்தும் படிக்கத்தக்கனவாய் இருத்தல் வேண்டும். ஆங்கிலத்துக்கு 24 புள்ளிப் பருமன் போதும் என்பர். தமிழிலே ண, ஞ, ஐ, ணை போன்ற எழுத்துகளின் சுழிகள் சிறு பருமனில் அடைபட்டுவிடுவதால் 30 புள்ளிக்குக் குறையாதிருத்தல் நன்று. வரிகளுக்கிடையிலும் கூடிய இடம் விடுதல் வேண்டும். தமிழ்ச் சொற்கள் ஒட்டி நீள்வன. ‘நாடற்றோராக்கப்பட்டவர்களுக்கிடையிலான’ என்ற ஒரு சொல் ஒடுங்கிய நிரலின் ஒரு வரியையே விழுங்கிவிடும். இருமருங்கும் சமப்படுத்தினால் சொற்களுக்கிடையே ஆறு ஓடும். ஆதலால் இடப்புறம் மட்டும் ஒழுங்குபடுத்துதலே தக்கது. மொத்தச் சொற்கள் முந்நூறைத் தாண்டாதிருப்பின் நலம். நீண்ட தொகைச்சொல்லைப் பிரித்து எழுதவேண்டிவரும்போது, அச்சொல்லுள் மறைந்திருந்த செயப்பாட்டுவினையும் வெளிப்பட்டுவிடும். ஆக்கியவர் யார் என்று சொல்லவேண்டிவரும்.

எழுத்துருவின் சிக்கல் தனியானது. இலங்கையிலே பாமினி எழுத்துரு நெடுங்காலம் ஆட்சிசெய்தது. இன்றும் பலரின் கோப்புகள் அதிலேயே உள்ளன. அவ்வெழுத்துரு இல்லாத கணினியில் அக்கோப்புப் பொருளற்ற ஆங்கில எழுத்துகளாகத் தோன்றும். ஒருங்குகுறியில் அமைத்தாலும், சில வடிவமைப்பு மென்பொருள்களிலே கொம்பும் இரட்டைக் கொம்பும் தம் எழுத்தை விட்டு விலகி நிற்பதுண்டு. ஆகவே எழுத்துருவை உட்பொதித்த பி.டி.எஃப். கோப்பாகவே அச்சகத்துக்குக் கொடுத்தல் வேண்டும். அதற்கு முன்னர் ஏ4 தாளிலே ஒரு மாதிரி எடுத்துப் பார்த்தல் பயன்தரும். ஏ0 தாளின் நீள அகலங்கள் ஏ4இல் நான்கிலொன்றாகக் குறையும். கையிற் பிடித்த அம்மாதிரியைக் கண்ணைச் சுருக்காது படிக்க முடியுமாயின் சுவரொட்டியும் படிக்கத்தக்கதே.

அச்சகத் தொழிலாளரின் அறிவினை நாம் குறைத்து மதிப்பிடுதலாகாது. வெள்ளவத்தையிலே காலி வீதியோரத்து அச்சு நகற் கடைகளிலும் கொட்டாஞ்சேனையின் சிறு அச்சகங்களிலும், திருமண வாழ்த்தும் மரண அறிவித்தலும் கோயில் விழா விளம்பரமும் ஆக்கும் தொழிலாளர், எந்த எழுத்து எத்தூரத்தில் தெரியும் என்பதை நாள்தோறும் செய்தறிந்தவர்கள். மரண அறிவித்தலொன்றை நோக்குக: பெயர், படம், இடம், நேரம் ஆகியன எவ்வரிசையில் எப்பருமனில் நிற்கவேண்டும் என்பதிலே அவர்கள் பிழைவிடுவதில்லை, ஏனெனில் தெருவிலே நடந்துசெல்பவரே அவர்களது வாசகர். வோல்ரர் பெஞ்சமின் 1934இல் எழுதிய ‘உற்பத்தியாளராக எழுத்தாளர்’ என்ற கட்டுரையிலே, எழுத்தாளரின் கருத்துநிலை யாது என்பதுடன் அவர் உற்பத்திச் சாதனத்திலே எங்கு நிற்கிறார் என்பதையும் வினவவேண்டும் என வற்புறுத்தினார். கோப்பினை மின்னஞ்சலில் அனுப்பிவிட்டுச் சுருட்டிய தாளைப் பெற்றுச்செல்லும் ஆய்வாளர், அச்சுப் பொறியருகே அரைமணி நேரம் நிற்பாராயின் தமது வாசகரைப் பற்றிப் பல கற்றுக்கொள்வார்.

7

சுவரொட்டி சுவரிலே ஏறியதும் பணி முடிந்துவிடுவதில்லை. அதனருகே நிற்பதும் அளிக்கையின் பகுதியே. வந்தவரிடம் தாளை முதலிலிருந்து வாசித்துக் காட்டுதல் வீண். இரண்டு நிமிடத்தில் வினா, சான்று, முடிபு ஆகிய மூன்றையும் சொல்லப் பழகுதல் வேண்டும். அதன் பின்னர் கேட்டல் வேண்டும். தாளை மறைத்து நிற்காது பக்கத்தே நிற்றல் வேண்டும். வருவோர் கேட்ட வினாக்களைச் சிறு குறிப்பேட்டிலே எழுதிவைத்தல் நன்று. மேடையிலே வாசிக்கப்பட்ட கட்டுரைக்குக் கைதட்டல் கிட்டும்; சுவரொட்டிக்குக் கிட்டுவது வினாக்களே. ஆய்வாளருக்கு எது கூடிய பயன் தருவது என்பதைச் சொல்லவேண்டியதில்லை.

மொழிப் பிரச்சினையை இங்கு தவிர்த்தல் இயலாது. 1987இல் நிறைவேறிய பதின்மூன்றாவது திருத்தம் தமிழையும் அரசகரும மொழியாக்கியது. எனினும் கொழும்பின் தொழில்சார் மாநாடுகளிலே ஆங்கிலமே ஆட்சிசெலுத்துகிறது. ஆங்கிலத்தை முற்றாக விலக்கவேண்டும் என்பது எமது வாதமன்று. பிறநாட்டாருடன் உரையாடுவதற்கு அது வேண்டும். ஆயின் படத்தை நடுவிலே வைக்கும் வடிவம் மொழிகளை அருகருகே வைக்க இடந்தருகிறது. தலைப்பு வாக்கியத்தைத் தமிழ், சிங்களம், ஆங்கிலம் ஆகிய மும்மொழியிலும் எழுதுவதற்கு ஒரு சாண் இடமே வேண்டும். மலையக மக்களின் குடியுரிமை பறிக்கப்பட்டமை சிங்களத் தொழிலாளரும் அறியவேண்டிய வரலாறாகும். சிங்கள வாசகருக்கு ஒரு வாக்கியந்தானும் எழுதாத தமிழாய்வு, தமிழருள் தமிழர் பேசிக்கொள்ளும் பேச்சாகவே சுருங்கிவிடும்.

8

மினியாபொலிஸ் மாநாடு நடந்த அதே 1974ஆம் ஆண்டின் தொடக்கத்திலே, ஜனவரி மாதத்தில், யாழ்ப்பாணத்திலே நான்காவது உலகத் தமிழாராய்ச்சி மாநாடு கூடியது. அறிஞர் மண்டபங்களினுள்ளே கட்டுரை வாசித்தனர்; மக்கள் வெளியே பெருந்திரளாகக் கூடினர். இறுதி நாளாகிய 10ஆம் திகதி வீரசிங்கம் மண்டபத்தின் முன்னே திரண்டிருந்த மக்கள்மீது பொலிசார் மேற்கொண்ட நடவடிக்கையின்போது நேர்ந்த உயிரிழப்புகள் எமது வரலாற்றின் ஆறாத வடுவாகும். அந்நிகழ்வின் அரசியல் பற்றிப் பலர் எழுதியுள்ளனர். இங்கு நாம் சுட்ட விரும்புவது வேறொன்று. ஆராய்ச்சி மாநாடொன்றுக்கு இத்துணை மக்கள் வந்தமை எளிதில் வாய்க்கும் ஒன்றன்று. ஆயின் மண்டபத்தின் உள்ளே வாசிக்கப்பட்ட ஆய்வுக்கும் வெளியே நின்ற மக்களுக்கும் இடையே பாலமாகக் கருதப்பட்டவை விழாக்கோலமும் மேடையுரையுமே. அவை உணர்வூட்டவல்லன, ஆய்வின் சான்றினை மக்கள் கையிற் கொடுத்து ‘நீங்களே பாருங்கள்’ என்று சொல்லவல்லன அல்ல. ஐம்பது ஆண்டுகளுக்குப் பின்னரும் அவ்விடைவெளி நிரம்பியதாகத் தெரியவில்லை.

சுவரொட்டி ஒன்றே அதனை நிரப்பிவிடும் என்று நாம் கூறவில்லை. அறிவு யாருக்கு உரியது என்பது சமூக உறவுகளின் பிரச்சினை. தாளின் அளவினால் அது தீராது. எனினும் சிறிய தொடக்கங்களைப் பேசலாம். மாநாடு முடிந்ததும் சுருட்டி அலுமாரியின் மேலே வைக்கப்படும் சுவரொட்டிகள் பயணஞ் செய்தல் வேண்டும். வெள்ளவத்தையிலே 1942 முதல் இயங்கிவரும் கொழும்புத் தமிழ்ச் சங்கத்திலே அவற்றை ஒரு வாரத்துக்குக் காட்சிக்கு வைக்கலாம். ஆயின் அங்கு வருவோரிற் பலர் ஏற்கெனவே நூல் படிக்கும் பழக்கமுள்ள நடுத்தர வர்க்கத்தினர் என்பதை மறத்தலாகாது. துறைமுகத்திலும் புறக்கோட்டைக் கடைகளிலும் உழைப்போர் வாழும் கொட்டாஞ்சேனையிலே, விவேகானந்த சபை போன்ற மண்டபமொன்றில் ஞாயிறு மாலையிலே அவற்றை வைத்தல் வேண்டும். துணியிலே அச்சிட்டால் மடித்துப் பையிலிட்டு ஹற்றனுக்கும் பதுளைக்கும் பேருந்திலே கொண்டுசெல்லலாம். தோட்டப் பாடசாலைச் சுவருக்கு அதற்கு மேலான ஏற்பாடு தேவையில்லை. ஒவ்வோரிடத்தும் கேட்கப்படும் வினாக்கள் குறிப்பேட்டில் ஏறினால், அடுத்த ஆய்வு அக்குறிப்பேட்டிலிருந்தே தொடங்கலாம்.

எமது தமிழ்ச் சங்கங்கள் ஆண்டுதோறும் நடத்தும் ஆய்வரங்குகளிலே சுவரொட்டி அமர்வுக்கு உரிய நேரமும் உரிய இடமும் ஒதுக்குமாறும், மதிப்பீட்டுக் குழுவிலே துறைக்கு வெளியிலுள்ள வாசகர் ஒருவரையேனும் சேர்க்குமாறும் முன்மொழிகின்றோம். அவ்வாசகர் அச்சகத் தொழிலாளராகவோ தோட்டப் பாடசாலை ஆசிரியராகவோ இருக்கலாம். மண்டப ஊழியர் எம்மிடம் கேட்ட வினாவுக்கு எமது புதிய சுவரொட்டியும் முழுமையான விடை தந்துவிடாது. 39 உருவங்களுள் ஒருவரின் பாட்டனாரைத் தனியே இனங்காட்ட எந்த வரைபடத்தாலும் ஆகாது. ஆயினும் அவர் அவ்வுருவங்களின் முன்னே நின்று, தாமே கைநீட்டி ஒரு பக்கத்தைச் சுட்டவாவது முடியும். அந்த அளவுக்கேனும் எமது ஆய்வு அவருக்குக் கடமைப்பட்டிருக்கிறது.